அந்த நாற்காலியில் ஆள் அமர அனுமதி வேண்டி

அனுப்புநர்:
போஹுமிலா கலினோவா,
கால்நடை மருத்துவர்,
தலைவர், இசை நண்பர்கள் வட்டம்,
ஆலைத் தெரு, ஓல்ஷின்கா.

பெறுநர்:
உயர்திரு க்விதோ ஹனாக் அவர்கள்,
நகரத் தலைவர்,
நகராட்சி அலுவலகம், ஓல்ஷின்கா.

பொருள்: பழைய பீர் ஆலை மண்டபத்தை மூடிய உத்தரவை விலக்கி, டிசம்பர் 8, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று நடக்க வேண்டிய இலையுதிர்கால நிறைவுக் கச்சேரிக்குத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: துணைத் தலைவர் உயர்திரு ராடிம் ஷெபெஸ்தா அவர்களின் ஆய்வறிக்கையும், அதன்மேல் நகராட்சி பிறப்பித்த உத்தரவும்.

மதிப்பிற்குரிய நகரத் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் இந்த ஊரில் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்ப்பவள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் நாயின் காதுக்கும் நான்தான் மருந்து கொடுத்து வருகிறேன். இசை நண்பர்கள் வட்டத்தின் தலைவர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. தேர்தல் கூட்டத்தன்று ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்ததால் நான் போகத் தாமதமாகிவிட்டது. வராதவரைத் தலைவராக்குவது எங்கள் வட்டத்தின் நெடுநாள் வழக்கம். கையில் வைக்கோல் நாற்றத்தோடு உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

2. ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வரையில் நாங்கள் அந்த மண்டபத்தில் பியானோ கச்சேரிகளும், மூவர் நால்வர் கூடி வாசிக்கும் சிற்றரங்கக் கச்சேரிகளும் நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான், அதே நாற்காலிகள்தான். யார் வரவில்லை என்பது விளக்கு அணைவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இந்த மண்டபத்தின் நிலையை ஆராயத் துணைத் தலைவர் அவர்கள் இந்தப் பருவத்தில் ஒரே ஒரு நாள் வந்தார்கள். அது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மற்ற எந்த நாளில் வந்திருந்தாலும் இந்த மனுவுக்கு வேலை இருந்திருக்காது.

3. அவர்களுடைய அறிக்கையின் முடிவுகள் மூன்று.

அ) மேடையில் செல்லோக் கலைஞருக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது, கலைஞர் வரவில்லை, அதற்கு விளக்கமும் தரப்படவில்லை.

ஆ) கச்சேரியின் முடிவில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. ஆகவே மக்களுக்கு இதில் ஆர்வம் இல்லை.

இ) இடையிடையே அரங்கம் முழுவதும் இருமியது. ஆகவே மண்டபத்தில் ஈரமும் பூஞ்சையும் இருக்கின்றன.

இவற்றின்மேல் மண்டபம் மூடப்பட்டது. மீதமிருந்த கச்சேரி ரத்து செய்யப்பட்டது. பியானோவைத் தீயணைப்பு நிலையக் கொட்டகைக்கு மாற்றவும் உத்தரவாகியிருக்கிறது. துணைத் தலைவர் அவர்கள் கண்ணால் கண்டதில் எதுவும் பொய்யில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் இருமினோம், நானும் இருமினேன்.

4. முதலில் இருமலை முடித்துவிடுகிறேன். அதுதான் எளிது. ஒரு படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக வரும். ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது இருமுவது எங்கள் ஊரில் சவ ஊர்வலத்தில் சிரிப்பதற்குச் சமம். எனவே தொண்டையில் அரிப்பு வந்தாலும் முகம் சிவக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் கிடைக்கும் சிறு இடைவெளியில் இருமல் இல்லாதவர்களும் ஒருமுறை இருமிக்கொள்வார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. இது பூஞ்சை அன்று, மரியாதை. என் தொழிலில் இருமல் பற்றிக் கொஞ்சம் தெரியும், அது மாட்டு இருமலாகவே இருந்தாலும். நோய்வாய்ப்பட்ட எந்த உயிரும் ஒரே நொடியில் சேர்ந்து இருமி ஒரே நொடியில் நிறுத்தாது.

5. கைதட்டாதது பற்றி. பருவம் முழுவதும் நாங்கள் கை சிவக்கத் தட்டுகிறவர்கள்தான். கல்லறைத் திருநாள் ஒன்றுதான் விலக்கு. அன்று கடைசி ஒலி அடங்கியதும் எழுந்து நிற்போம். வாசித்தவர்களும் எழுந்து நிற்பார்கள். பிறகு சத்தமில்லாமல் வெளியே போவோம். அன்றைய இசை இறந்தவர்களுக்கு, இருப்பவர்கள் அதற்குக் கைதட்டிப் பெயர் வாங்கக் கூடாது என்பது எண்ணம். அன்று சிற்றுண்டிச் சாலையிலும் ஒன்றும் விற்க மாட்டோம்.

உத்தரவு வந்த அன்று எங்கள் வயலின்காரர் காமில் ரோஹன் அவர்கள் சொன்னதை, மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால், அப்படியே தருகிறேன்: "அந்த மனுஷனுக்கு சத்தம் கேட்டாத்தான் உள்ள ஆள் இருக்குன்னு நெனப்பு. பேசாம கோழிப்பண்ணையை ஆய்வு பண்ண அனுப்புங்க." இரண்டாவது வாக்கியத்தை அவர் சார்பில் நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

6. இனி அந்த நாற்காலி. அது வோய்மீர் துஷெக்குடையது. கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்த அதே வோய்மீர்தான். தாங்கள் இப்போது இந்த மனுவைப் படித்துக்கொண்டிருக்கும் கண்ணாடியும் அவர் போட்டுக் கொடுத்ததாகவே இருக்கும். அவர் செல்லோ, அவர் மனைவி அபொலேனா பியானோ, காமில் வயலின். நம் ஊருக்கென்று இருந்த மூவர் குழு அது. எங்கள் பருவத்தின் நிறைவுக் கச்சேரியை எப்போதும் அவர்கள்தான் வாசித்தார்கள். மார்ச் தொடக்கத்தில், பனி இன்னும் கரையாதபோது, வோய்மீர் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்த இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். அன்றிலிருந்து அபொலேனா பியானோவைத் தொடவில்லை. இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக்கூட வாயால் சொல்லித்தான் கொடுத்தாள், விரலை வைக்கவில்லை. வீட்டுப் பியானோவின் மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் அந்தத் துணிக் குவியலைப் பார்ப்பேன்.

கல்லறைத் திருநாளன்று காமிலும் பிர்னோவிலிருந்து வந்த ஒரு பியானோக் கலைஞரும் மட்டும் வாசித்தார்கள். இருவருக்கும் நடுவில் வோய்மீரின் நாற்காலியை, அவர் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையோடு போட்டு வைத்தோம். மேடையில் அதைப் பற்றி அறிவிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டோம். தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த ஒருவருக்குத் தெரியாமல் போகலாம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்குப் பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது.

7. அன்று ஹாக்கி ஆட்டம் இருந்ததால் நாங்கள் எழுந்து நின்ற உடனேயே துணைத் தலைவர் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் போனபிறகு நடந்தது அறிக்கையில் இல்லை. ஆகையால் இங்கே சேர்க்கிறேன். வாசலில் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டோம். வழக்கமாக அவரவர் குடும்பக் கல்லறைக்குத்தான் போவோம். அன்று யாரும் சொல்லாமலே கூட்டம் முழுவதும் முதலில் வோய்மீரிடம் போயிற்று. கல்லின்மேல் இடம் போதாமல் புல்லில் வைத்தார்கள். ஆர்வம் இல்லாத மக்கள் குளிரில் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

அங்கே அபொலேனா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சரி, நிறைவுக் கச்சேரிக்கு நான் வாசிக்கிறேன். ஆனா அந்த நாற்காலி காலியா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன். செல்லோ வாசிக்கிற யாரையாவது கூட்டிட்டு வந்து உக்கார வை. எட்டு மாசமா வீட்ல காலி நாற்காலிய பாத்துக்கிட்டேதான சாப்பிடறேன், மேடையிலயுமா? அப்புறம், எல்லாரும் நல்லா கைதட்டணும். எங்க வீட்டு மனுஷன் கைதட்டலுக்கு அலையறவரு, உனக்குத் தெரியாதா?"

நான் அழுதுவிட்டேன். இதை ஒரு மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. ஆனால் தங்கள் முன் இருக்கும் கேள்வியே இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

8. மறுநாளே வேலையைத் தொடங்கினோம். பிர்னோவிலிருந்து ஹெத்விகா என்னும் செல்லோக் கலைஞர் வரச் சம்மதித்தார். வோய்மீரின் தலையணையை வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். அபொலேனா துணிகளை அலமாரிக்கு மாற்றிவிட்டாள். கதவைத் தட்டுமுன் தெருவிலேயே நின்று அவள் வாசிப்பதைக் கேட்டேன். நிறையத் தவறு செய்தாள், ஒவ்வொரு தவறுக்கும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். எட்டு மாதங்களில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை. அப்போதுதான் மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது.

9. பியானோவின் உடல்நிலை பற்றியும் தெரிவிப்பது என் கடமை. பேச முடியாத உயிர்களைப் பார்ப்பதே என் தொழில் என்பதால் அதையும் அவற்றில் ஒன்றாகவே கருதுகிறேன். உத்தரவோடு மண்டபத்தின் வெப்பமூட்டியும் அணைக்கப்பட்டுவிட்டது. குளிரில் கிடந்த பியானோவைக் கச்சேரியன்று மட்டும் சூடாக்கினால் சுருதி நிற்காது, உள்ளிருக்கும் ஒலிப்பலகை வெடித்தாலும் வெடிக்கும். மெதுவாக, நாள் கணக்கில் சூடேற வேண்டும். இந்த வாரமே வெப்பம் போடப்பட்டால் டிசம்பர் 8-க்குள் சுருதி கூட்டிவிடலாம் என்கிறார் சுருதி கூட்டுபவர். அதற்குப்பின் தங்கள் அனுமதி கிடைத்தாலும் அபொலேனாவுக்கு வாசிக்கக் கருவி இராது.

கொட்டகை விஷயமாக அளவெடுக்க வந்த தீயணைப்புத் தலைவர் பியானோவைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்டது: "டாக்டரம்மா, எங்க வண்டி நிக்கவே எடம் பத்தல. இத எங்க போடறது? ஏணி மேல ஏத்திக் கட்டவா?" கேள்வியைத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

10. துணைத் தலைவர் அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. ஹாக்கி அரங்கின் ஒழுகும் கூரையை மாற்றியவர் அவர். ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஆகையால் இந்த மனுவைத் தங்களிடம் சேர்க்குமுன் அவரிடமே கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். அவர் ஏதேனும் எழுத விரும்பினால் எழுதட்டும் என்று கடைசியில் இடம் விட்டிருக்கிறேன். எங்கள் இருவரையும் தங்கள் முன் அழைத்து விசாரித்தால் நான் வரத் தயார்.

ஆகவே தாங்கள் தயைகூர்ந்து மண்டபத்தைத் திறக்கவும், வெப்பமூட்டியை உடனே இயக்கவும், பியானோவை இருக்கும் இடத்திலேயே விட்டுவைக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் 8 அன்று தாங்களும் துணைத் தலைவர் அவர்களும் வர வேண்டும். எனக்கு அருகில் இரண்டு நாற்காலிகளைப் பிடித்து வைத்திருக்கிறேன். எங்கே இருமலாம், எங்கே கைதட்டலாம் என்று நான் சைகை காட்டுகிறேன். தாங்கள் நல்ல முடிவெடுப்பீர்கள் என்று நம்பி, நிகழ்ச்சி அறிவிப்பை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாள்: 19 நவம்பர் 2024
இடம்: ஓல்ஷின்கா

தங்கள் நகரவாசி,
போஹுமிலா கலினோவா (ஒப்பம்)

துணைத் தலைவர் எழுதுவதற்கு விட்ட இடம்:

படித்தேன். ஹாக்கி அரங்கில் வோய்மீருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தொண்டை கிழியக் கத்துவார். செல்லோ வாசிப்பார் என்று தெரியும், ஒருநாளும் கேட்கப் போனதில்லை. அவர் போனபிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் இருக்கையில் என் கோட்டைப் போட்டு வைக்கிறேன், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று. கல்லறைத் திருநாளன்றும் மண்டபத்திலிருந்து நேரே போய் அதைத்தான் செய்தேன். மேடையில் நான் பார்த்த நாற்காலியும் அதேபோல் அவருக்காக வைத்த இருக்கைதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். வெப்பமூட்டியை இன்று மதியமே போடச் சொல்லிவிட்டேன். உத்தரவை விலக்கித் தாங்கள் கையெழுத்திட வேண்டுகிறேன். இருமல் பற்றி மட்டும் என் கருத்தில் மாற்றமில்லை.

டாக்டரம்மா சைகை காட்டினால் போதும். வோய்மீருக்குக் கேட்கிற மாதிரி தட்டுகிறேன்.

ராடிம் ஷெபெஸ்தா (ஒப்பம்)