அம்மா நன்றாக நடக்கிறாள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை அந்த வரியை எழுதக் கை தயங்குகிறது. உடம்பைப் பொறுத்தவரை நலம்தான். அம்மாவின் இடுப்பு மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டது என்று டாக்டர் போன வாரம் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார். தொடையின் முன்பக்கம் சின்னதாகக் கீறி, தசையை வெட்டாமல் விலக்கிவிட்டு மூட்டை மாற்றியதால்தான் இவ்வளவு சீக்கிரம் தேறினாளாம். வாக்கர், கைத்தடி எல்லாம் பரண்மேல் போய்விட்டன. தழும்பைக் காட்டி, இத்தனூண்டு ஓட்டை வழியாவா என் எலும்பைத் திருடினீங்க, பலே கைகாரர்தான் நீங்க என்று அவள் டாக்டரையே சிரிக்க வைத்தாள். பழைய ஆள் திரும்பிவிட்டாள் என்று நானும் நம்பிவிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, நாம யாரைப் பார்க்க வந்தோம், யாருக்குங்க ஆபரேஷன் என்று கேட்டாள்.

அவளுடைய மறதி உனக்குத் தெரியும். தெரியாததை இப்போது எழுதுகிறேன். வலி இருந்தவரை அவள் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. காலை ஊன்றினாலே உயிர் போகும். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த வலி மறக்கவில்லை, அதுதான் அவளை வீட்டில் பிடித்து வைத்திருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவோ படித்தேன், டாக்டரைக் கேள்வி கேட்டே துளைத்தேன், மயக்க ஊசி, கிருமி, ரத்தக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். நடப்பாள் என்பதற்கு மட்டும் பயப்படவில்லை. இப்போது பிற்பகல் ஆனால் தலையை வாரிக்கொண்டு, வாலு வர்ற நேரமாச்சு, தனியா ரோட்டைத் தாண்ட அதுக்குத் தெரியாது என்று கிளம்பிவிடுகிறாள். அவளுடைய வாலு நீதான், சின்ன வயதில் பள்ளி விட்டு நீ வந்து இறங்குவாயே, அந்த முனைப் பேருந்து நிறுத்தத்துக்கு. முதல் நாள் தையல்கடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அக்கா என்னமா நடக்குறாங்க சார், நானே ஓடித்தான் பிடிச்சேன் என்று பாராட்டுவதுபோல் சொன்னார்.

கேட்டைப் பூட்டி வைங்கப்பா என்று நீ போனில் சொன்னாய். கரிசனத்தில்தான் சொன்னாய். பூட்டு வாங்கி வந்து ஒருநாள் பூட்டியும் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, புள்ள தெருவுல நிக்குதுங்க, கொஞ்சம் திறந்து விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று என்னை யாரோ காவல்காரனாக நினைத்துக் கெஞ்சினாள். சாவி என் கையில்தான் இருந்தது. என்னால் முடியவில்லையம்மா. அன்றிலிருந்து பூட்டுவதில்லை, சற்றுத் தள்ளிப் பின்னால் போகிறேன், கூடவே நடந்தால் கோபப்படுகிறாள். அவள் வேகத்துக்கு எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. இது சரியா தவறா என்று எனக்கே தெளிவில்லை. நேற்று நிறுத்தத்துப் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, சார், உங்க பிள்ளையும் இந்த பஸ்லதான் வருதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொண்ணா என்றாள். ஆமாம் என்றேன். கவலைப்படாதீங்க, லேட்டானாலும் வந்துடும் என்று எனக்குத் தைரியம் சொன்னாள். பேருந்து வந்தது, யார் யார் பிள்ளைகளோ இறங்கினார்கள். திரும்பும் வழியில் எதற்குப் போனோம் என்பது அவளுக்கு மறந்துவிடுகிறது. எனக்குத்தான் மறப்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை முடிந்து வரும்போது காரை மெதுவாக ஓட்டு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அம்மாவின் வாழ்த்தையும் சேர்த்தே சொல்கிறேன். விடுமுறையில் வருவதாகச் சொன்னதை மறந்துவிடாதே. டாக்சியில் வாசலில் வந்து இறங்காதே. பெட்டியை எங்காவது வைத்துவிட்டு, பிற்பகலில் பேருந்து ஏறி முனையில் இறங்கு. உன்னை அவளுக்கு அடையாளம் தெரியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எங்களைத் தேட வேண்டியிருக்காது, பெஞ்சில்தான் இருப்போம்.

உன் வரவை அவளோடு உட்கார்ந்து பார்த்திருக்கும்,
அப்பா