பழைய கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க்

ஏங்க,

மணலூர்பேட்டைக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்டாதீர்கள்.

"இந்த டப்பாவுக்குப் புது டிஸ்க்கா? இன்னா புத்தி உனுக்கு!" என்று நேற்றுக் கத்தினீர்களே, இன்று காலையில் நானே பழையதைக் கழற்றி, எஸ்.எஸ்.டி. என்கிற அந்தப் புது டிஸ்கை மாட்டிவிட்டேன். பத்து நிமிடம் முக்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் இப்போது இருபது நொடியில் திறக்கிறது. போட்டுப் பாருங்கள்.

பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றும்போது, கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் எனக்கு எழுதி, அனுப்பாமலே விட்ட கடிதங்கள் கிடைத்தன. மொத்தம் பதினொன்று! எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

அபிநயா

பி.கு.: ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் எழுதித் திரையிலேயே வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் திரும்பி வந்து இறங்கும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.