வானத்துக் கட்டை

1869 ஜூன் 1, செவ்வாய்

பட்டறைக்குப் பெரிய பத்திரிகைப் படம் ஒன்று வந்திருக்கிறது. ஆறு மரக்கட்டைகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகச் செதுக்குகிறோம். முடிந்ததும் திருகாணி போட்டு ஒன்றாக இறுக்கி அச்சுக்கு அனுப்புவார்கள். தேம்ஸ் கரை, மரக்கோபுரம், அண்ணாந்து பார்க்கும் கூட்டம். மேலே, சிறகு கட்டிய மனிதன், உள்ளங்கை அளவில். வானத்துக் கட்டை எனக்கு வந்தது. அந்த மனிதன் என் வீட்டுக்காரர், சைலஸ்.

அவர் பறக்கப்போவது அடுத்த செவ்வாய். பத்திரிகை அந்தச் சனிக்கிழமையே வந்தாக வேண்டும். நடந்த பிறகு செதுக்க நேரமேது? எல்லாப் பத்திரிகையிலும் இப்படித்தான்.

"உன் புருஷனை நீயே பறக்க விடு, கெஸையா" என்றார் பட்டறைத் தலைவர் ட்ரான்ட்டர். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூன் 3

குடை செய்கிறவருக்குச் சிறகும் குடைதான் — திமிங்கில எலும்பு, பட்டு. அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. நான் உருளைக்கிழங்கு வேகவைத்தால், பட்டில் ஆவி படுகிறதென்று கத்துகிறார்.

"ஓவியர் என் மூக்கைப் பெரிசா வரைஞ்சிட்டாரு. நீயாவது குறைச்சு வெட்டு."

"இருக்கறதைத்தானே வரைஞ்சிருக்காரு."

குறைத்துவிட்டேன். தொல்லை தாங்கவில்லை.

ஜூன் 6, ஞாயிறு

இடது சிறகின் எலும்பில் விரிசல். காற்றும் சரியில்லை. அவரே சொன்னார்: "ரெண்டு வாரம் தள்ளிப் போடலாமான்னு இருக்கு." எனக்கு உயிர் வந்தது.

சாப்பிட்டு எழும்போது கேட்டார்: "உன் கட்டை முடிஞ்சுதா?"

"நேத்தே முடிஞ்சுது."

"அப்ப நான் பறந்தாச்சு. இனிமே தள்ளிப் போட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க முழுசா இருங்க."

விரிசலில் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 8

விழுந்துட்டாரு.

ஜூன் 9

குதித்ததுமே இடது சிறகு மடங்கிக்கொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன் — அந்த நூல் பிரிஞ்சு தொங்குது. இன்னும் முடியலேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா நான்? ஒரே ஒரு பொய். நேத்தே முடிஞ்சுதுன்னு என்ன பெருமை எனக்கு?

மதியம் ட்ரான்ட்டர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அச்சு நிக்குது, கெஸையா. படத்தை விழற மாதிரி மாத்தணுமாம், ஆசிரியர் சொல்றாரு. நீ வர வேண்டாம். வேற ஆளை வெச்சு செஞ்சுக்கறோம்."

"நானே வரேன்."

வேறொருவர் உளி அவர் மேல் படக்கூடாது.

ஜூன் 10

கட்டையில் தப்பு நேர்ந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, புது மரத்தை அடைத்து, மறுபடி செதுக்குவோம். அவரைச் சுற்றிலும் நுண்துளையிட்டு வெட்டி எடுத்தேன். சிறகு ஒடியாமல் முழுசாக வந்தார்.

விழுகிற மனிதனைச் செதுக்கக் கை வரவில்லை. மேகம் செதுக்கினேன்.

ட்ரான்ட்டர் வெகுநேரம் பார்த்தார். "கீழே கூட்டத்தை மாத்த நேரமில்லையே" என்றார். பிறகு திருகாணிகளை இறுக்கினார்.

ஜூன் 12, சனி

அடக்கம் முடிந்து வரும் வழியில் பத்திரிகை வாங்கினேன். அத்தனை பேரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருத்தி கை நீட்டிக் காட்டுகிறாள். அங்கே என் மேகம்தான் இருக்கிறது.

வெட்டி எடுத்த மரத்துண்டை அவர் தலையணையில் வைத்திருக்கிறேன். அவர் உருவம் என்று வேறு எதுவும் என்னிடம் இல்லை.

மூக்கைக் குறைத்திருக்க வேண்டாம்.