அப்பா சொன்ன உதாரணம்

என் செல்லத்துக்கு,

தமிழ் தெரியாத உன் வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசலாமே என்று மாலை ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். "இருட்டுல தனியா எப்படிப் போவே?" என்று உன் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். உன் கல்யாணத்திலிருந்து உன் பேரை எடுத்தாலே எழுந்து போகிற அதே மனிதர்தான்!

'வான்ட்' வந்தால் பின்னாலேயே 'டு' வருமாம். 'என்ஜாய்' வந்தால் அடுத்த வினைச்சொல்லுக்கு 'இங்' என்று வால் முளைக்குமாம். 'கிவ்' பக்கத்தில் 'அப்' நின்றால் கொடுப்பது போய்க் கைவிடுவதாகிவிடுமாம். எனக்குத் தலை சுற்றியது.

நேற்று டீச்சர் 'வான்ட்' வைத்து ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். நான் காபி கேட்டேன். அப்பா எழுந்தார்.

"ஐ வான்ட் டு ஸீ மை டாட்டர்."

"வெரி குட். இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க."

சொன்னார். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய டிரைவருக்குக் குரல் கம்மிவிட்டது.

வழியில், "அது சும்மா உதாரணத்துக்கு," என்றார். நம்பியதுபோல் தலையாட்டினேன். இன்று காலை உன் அறைக் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

இது கிடைத்ததும் போன் செய். வரலாமா என்று அவரிடம் ஆங்கிலத்திலேயே கேள். தமிழில் கேட்டால் வீம்பு பிடிப்பார். ஆங்கிலத்தில் மறுத்துப் பேச எங்களுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா