கடைசி இடத்துப் பாட்டுக்கு இரண்டு ஓட்டு

அன்புள்ள வாத்திக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவதற்கு முன், இதைப் பிரித்துப் படிப்பது நீதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. உறுதியாகத் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் உன் பெயரையும் முகவரியையும் தர மறுத்துவிட்டார்கள். நீதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் மூன்று வருடம் உன்னோடு ஒரே அறையில் இருந்த கொசு எழுதுவது.

நம் ஆள் இனிமேல் மேடையில் பாடப்போவதில்லை என்று அறிவித்தது உனக்கும் தெரிந்திருக்கும். எழுபத்திரண்டு வயதாம். படத்தில் பார்த்தால் முடியெல்லாம் கொட்டி, யாரோ ரிட்டயரான தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கிறார். அதையொட்டித்தான் இந்தப் பத்திரிகை, அவரே எழுதி மெட்டுப் போட்டுப் பாடியவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் என்று வாசகர்களைக் கேட்டது. எங்கள் கடையில் எல்லோரும் எழுதிப் போட்டார்கள். நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பின் அறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது என் பொறுப்பு. முதலாளி உட்பட மற்ற ஐந்து பேருமே ‘நாளைக்கும் இந்த வழிதான்’ பாட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். கல்லாவில் இருக்கும் அம்மாளுக்கு அதைப் பாடிக் காட்டித்தான் அவள் வீட்டுக்காரர் சம்மதம் வாங்கினாராம். அந்தக் குரலைக் கேட்டுமா சம்மதித்தாள் என்று முதலாளி கிண்டல் செய்தார். நான் எதற்குப் போட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் முடிவு வந்தது. மொத்தம் அறுபத்தோரு பாட்டு. முதல் இடத்தில் அதேதான், ஆயிரக்கணக்கில் ஓட்டு. விரலை வைத்துக் கீழே கீழே வந்தேன். கடைசி இடத்தில் ‘மூன்றாம் நம்பர் ஜன்னல்’. இரண்டே ஓட்டு.

ஒன்று என்னுடையது. இன்னொன்று, பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகருடையது. அவர் சொன்னதாக ஒரு வரி போட்டிருந்தார்கள்: “பாட்டைவிட, அவர் மூச்சு வாங்குகிற இடம் பிடிக்கும்.”

கையில் இருந்த பிரேமைக் கீழே வைத்துவிட்டேன். ரயில் நிலையத்தில் குடையைத் தொலைத்துவிட்டு ஜன்னலில் வந்து கேட்கிற ஆளைப் பற்றிய அந்தப் பாட்டை ரேடியோவில்கூடப் போட மாட்டார்கள். நம் அறையில்தான் கேசட் தேயத் தேயக் கேட்டோம். நான் கூடச் சேர்ந்து முனகினால் நீ என் வாயைப் பொத்துவாய். “கொசு, சும்மா இரு. பாட்ட விடு, அவர் மூச்சு வாங்குற எடத்தக் கேளு” என்பாய். நான் ஒரு சொல்லைத் தப்பாகப் பாடிவிட்டால் போதும், திரும்பப் பாட வைக்காமல் விடமாட்டாய். வாத்தி என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இதழ் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒரு உதவி ஆசிரியர், கசங்கிய சட்டை, நல்ல மனுஷர். எழுதியது ஆணா பெண்ணா என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதுகூடச் சொல்லக் கூடாதுங்க என்றார். கையெழுத்தையாவது பார்க்கிறேன் என்றேன், டைப் செய்து வந்ததாம். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு லெட்டர் எழுதி ஒட்டிக் குடுங்கம்மா, பிரிக்காம அனுப்பி வைக்கிறேன் என்றார். அதனால் மனதில் இருப்பதை எழுதலாம் என்று துணிந்தேன்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாம் பேசவே இல்லை. விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று வாங்கிய இரண்டு டிக்கெட். அவர் கச்சேரி ஆறரைக்கு. மூன்று மணிக்கு விடுதிக்கு போன் வந்தது, உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, உடனே புறப்பட்டு வா என்று. பஸ்ஸில் பத்து மணி நேரம் போக வேண்டும். நான்தான் உன் துணிகளைப் பையில் அடுக்கினேன். நானும் வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். “வேணாம் கொசு, நீ போ. ரெண்டு பேரும் ஏன் விடணும்” என்றாய். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீ போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். ஒரு மாதம் கழித்து நீ திரும்பி வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். மூன்றாம் நம்பர் ஜன்னல் பாடினார்டி, அதே இடத்தில் மூச்சு வாங்கினார் என்றேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நல்லா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டாய். அந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டாய். முகவரி தரவில்லை. எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது.

அதற்கப்புறம்தான் வார்டன் அம்மா சொன்னார். உன்னை பஸ் ஏற்றிவிட அவர்தான் கூட வந்தாராம். பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, உட்காரக் கேட்டவர்களிடமெல்லாம் “ஆள் வருது” என்று சொல்லிக்கொண்டிருந்தாயாம். பஸ் நகர்ந்த பிறகுதான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாயாம். அன்றே உன் அலுவலகத்துக்கு ஓடினேன். வேலையை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆயிற்று என்றார்கள். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

என்னைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் போய் நாலு வருடம் ஆகிறது. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறார், வேறு வீட்டில். பிள்ளைகள் இல்லை. கடையில் கூட்டம் இருந்தால் பவர் பார்க்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்த பிறகு தொண்டைக்கு வேலையே கிடையாது. சில வாரம், திங்கள் காலையில் கடைக்குப் போய் வாயைத் திறக்கும்போதுதான், ஞாயிறு முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பதே தெரியவரும்.

உனக்கு இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு. இப்போது கிட்டப் பார்வைக்கும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். யாரிடம் போட்டுக்கொள்கிறாயோ தெரியவில்லை. நீ வந்தால் நானே தேய்த்துப் போட்டுத் தருவேன். என்னைத் திட்ட வேண்டும் என்றாலும் நேரில் வந்து திட்டு.

ஒருவேளை இதைப் படிப்பது வாத்தி இல்லையென்றால், ஐயாவோ அம்மாவோ, தயவுசெய்து மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத கதையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டேன். அந்த வரியை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், அவர் எங்கே இருக்கிறார், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லாமல் இருக்கிறாரா என்று ஒரு கார்டு போடுங்கள். அப்படி யாரும் சொல்லவில்லை, நீங்களாகத்தான் எழுதினீர்கள் என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள். என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். உங்கள் ஊரில் மழை உண்டா என்று எழுதினாலும் போதும்.

முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. நான் வீடு மாறமாட்டேன். நீங்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
கொசு