சுவரில் ஒட்டிய பொட்டு

நெய்வேலி,
வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய ஏர் பிஸ்டல் குண்டு டப்பா வந்தது. இனிமேல் அனுப்பாதே. பிஸ்டல் குவார்ட்டர்ஸ் பரணில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இவர், "கல்யாணத்துக்கு முன்னாடி இவ திருவிழாவுல பலூன் சுட்டுகினு இருந்தா" என்று சொல்லிச் சிரிக்கிறார். மாநிலப் போட்டியில் சுட்டவள் என்று நான் திருத்துவதில்லை.

மற்றபடி நல்லவர்தான்.

இவர் ஷிப்டுக்குப் போனதும் என் நெற்றியில் இருக்கும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டுவேன். எதிரே நின்று வெறுங்கையை நீட்டி, மூச்சைப் பிடித்துக் குறி பார்ப்பேன்.

நேற்று இவர் சீக்கிரம் வந்துவிட்டார். "நெத்திய வெறுமையா வச்சிகினு செவுத்துக்கு எதுக்குப் பொட்டு?" என்று உரித்து, என் நெற்றியிலேயே ஒட்டிவிட்டார். ஆசையாகத்தான்.

இன்று கண்ணாடி முன்னால் நின்றேன். அந்தப் பொட்டைப் பார்த்ததும் மூச்சு தானாக நின்றுவிட்டது.

உன் தங்கை