பந்து போட்டவர்

ஜூன் 15, ஞாயிறு. எசன், ஜேர்மனி.

இன்று என் பந்தில் மூன்று பேர் பிடி கொடுத்து ஆட்டமிழந்தார்கள். ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் எங்கள் கிரிக்கெட் அணியின் கப்டன் ரூபன், “அண்ணை, வாற கிழமை நீங்கள் ஆறுதலா இருங்கோ, பெடியள் விளையாடட்டும்” என்றான். “ஓம்” என்றேன்.

நித்திரை வரவில்லை. பழைய காலத்து இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஒருவரைப் பற்றிப் போனில் வாசித்தேன். அப்போதெல்லாம் பிடி கொடுத்து ஆட்டமிழந்தால் பிடித்தவர் பெயரை மட்டும்தான் எழுதுவார்களாம். அந்த விக்கெட் பந்து போட்டவர் கணக்கில் சேராது. மொத்தம் எத்தனை எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக ஆடிய ஆட்டம் மட்டும் தெரியும்.

அதுதான் கடைசி என்று அன்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

ரூபன் வாற கிழமை என்றுதான் சொன்னான். விளையாட்டுச் சப்பாத்தைக் கழுவிப் பல்கனியில் வைத்தேன். காய்ந்துவிட்டதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டேன்.